செம்மண் சேற்றில் சிக்கினால்: மீட்புக் கருவிகளை எந்த அளவில், எந்த வரிசையில் வாங்குவது?

கோலாலம்பூரில் ஹைலக்ஸ், ரேஞ்சர், ட்ரைட்டன், ஜிம்னி என்று நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் சாகசத்துக்காக மண் சாலையில் இறங்குவதில்லை. பழைய தோட்டத்து முனியாண்டி கோவில் திருவிழா, உலு லங்காட்டில் உறவினரின் டுரியான் தோப்பு, கோலகுபு பாரு பக்கத்தில் மீன்பிடி என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். காலையில் உள்ளே போகும்போது செம்மண் சாலை இறுகிக் கிடக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டியதும் அதே சாலையில் நடந்து போகக்கூட முடியாது. இந்த வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், நவம்பர் மாதங்களில் அடை மழை.

மீட்புக் கருவி என்றதும் எல்லோரும் முதலில் விலை கேட்பது வின்ச், அதாவது கயிற்றை உருளையில் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி. என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வாங்க வேண்டும். அதற்கு முன் வாங்க வேண்டியவை மலிவானவை. அவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் எண் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை.

முதல் படி: வண்டியின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அந்த எண், ஆள், சாமான், எரிபொருள் எல்லாவற்றோடும் சேர்ந்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை வரம்பு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஜி.வி.எம். என்பார்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலோ வாகனக் கையேட்டிலோ இருக்கும். மூன்று கதவு ஜிம்னிக்கு இது 1,435 கிலோ. இரட்டைக் கேபின் ஹைலக்ஸ் வகை வண்டிகளுக்கு, மாதிரியைப் பொறுத்து, ஏறத்தாழ 3,000 கிலோ. கூரைக் கூடாரம், இரும்பு பம்பர், பின்னால் நான்கு பேர் என்று ஏற்றினால் அந்த வரம்பை நெருங்கிவிடுவீர்கள். ஆகவே கணக்குக்கு வெற்று எடையை எடுக்காதீர்கள்.

சேறு இந்த எடையை எப்படிப் பெருக்குகிறது என்பதற்கு ராணுவ மீட்புக் கையேடுகளில் ஒரு தோராய அளவு உண்டு. டயர் அளவுக்கு மட்டும் புதைந்திருந்தால் இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய வண்டியின் எடைக்குச் சமம். சக்கர வளைவு வரை இறங்கிவிட்டால் இரண்டு மடங்கு. உடல் பகுதியே சேற்றில் அமர்ந்துவிட்டால் மூன்று மடங்கு. மூன்று டன் வண்டிக்கு ஒன்பது டன்! அரை மணி நேரம் மண் வெட்டி அந்த மூன்று மடங்கை ஒரு மடங்காகக் குறைப்பதுதான் உண்மையான மீட்பு வேலை. மற்றக் கருவிகளெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டாம் படி: எங்கே மாட்டப் போகிறீர்கள்?

கடையில் இழுவைப் பட்டை (வண்டியை இழுக்கும் அகன்ற நாடா) வாங்கும் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். முன்பக்கம் வளையங்கள் சில தெரியும். அவற்றில் பல, கப்பலில் ஏற்றி வரும்போது வண்டியைக் கட்டி நிறுத்துவதற்கானவை. கீழ்நோக்கி மெதுவாக இழுக்கும் கயிற்றைத் தாங்கும்; ஓடிவந்து இழுக்கும் உதறலைத் தாங்காது. பம்பர் மூடியைத் திறந்து திருகி மாட்டும் இழுவை வளையமும் அப்படித்தான். அது சாலையில் பழுதான வண்டியை மெல்ல இழுத்துப் போவதற்கு மட்டுமே.

உங்களுக்கு வேண்டியது சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உயர்வலிமை போல்ட்டுகளால் பூட்டிய, எவ்வளவு தாங்கும் என்று பொறித்த மீட்புப் புள்ளிகள். முன்னால் இரண்டு இருந்தால், இரண்டையும் இணைக்கும் சமன்பட்டை ஒன்றை வாங்கிச் சுமையைப் பிரித்துவிடலாம். பின்னால் ட்ரெய்லர் கொக்கிக்கான சதுரக் குழாய் இருந்தால், அதனுள் பொருந்தும் ஷேக்கிள் (திருகாணியால் பூட்டும் வில் வடிவ இரும்பு வளையம்) கட்டை ஒன்று போதும்.

அந்தக் குழாயில் இருக்கும் இழுவைப் பந்தில் மட்டும் பட்டையை மாட்டவே கூடாது. பந்து ட்ரெய்லரின் எடையைச் சீராக இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. நைலான் பட்டை இழுபட்டு நிற்கும்போது பந்தின் தண்டு முறிந்தால், அந்த இரும்பு உருண்டை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மீட்புப் பட்டைகளுக்கென்று அந்நாட்டில் 2010இல் கட்டாயப் பாதுகாப்புத் தரமே கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் படி: உங்கள் பாதையில் எந்த மண்?

உலு லங்காட், உலு சிலாங்கூர், காராக் நெடுஞ்சாலைக்கு அப்பால் ஜண்டா பாய்க், பெந்தோங் போன்ற மலைப்பக்கங்களில் செம்மண் களி. மேலே வழுக்கும், அடியில் பெரும்பாலும் கெட்டித்தரை இருக்கும். டயர் பள்ளங்களைக் களி அடைத்துவிடுவதுதான் அங்கே தொல்லை. சரிவில் ஏற முடியாமல் நிற்பீர்கள், அல்லது பக்கவாட்டில் சறுக்கி வடிகாலில் இறங்குவீர்கள்.

கோலசிலாங்கூர், கோலலங்காட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கதை வேறு. கடற்களியும் கரிமண்ணும் கலந்த தாழ்நிலம் அது. சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற வண்டி கீழே இறங்கிக்கொண்டே போகும். நங்கூரமாகப் பிடிக்க உறுதியான மரமும் கிடைக்காது. மலைப்பக்கம் போகிறவருக்குச் சீராக இழுக்கும் கருவி முக்கியம். கடலோரம் போகிறவருக்கு மீட்புப் பலகையும் (புதைந்த சக்கரம் ஏறி வர முன்னால் வைக்கும் பற்கள் உள்ள பலகை) மண்வெட்டியும் முக்கியம்.

நான்காம் படி: தனியாளாக வெளியே வர உதவுபவை

மண்வெட்டி. நம் தாத்தாக்கள் தோட்டத்தில் வடிகால் வெட்டிய அதே கருவி. முகாமுக்கென்று விற்கும் மடக்குச் சிறுகரண்டிகளை விட்டுவிடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் தொங்கும் கியர் உறை) பக்கத்து மண்ணை எடுக்க, நீளக் கைப்பிடி உள்ள கூர்முனை மண்வாரி ஒன்றும் வேண்டும். கரையை வெட்டிச் சரிக்க மண்வெட்டி, அடியில் கிடக்கும் சேற்றை வார மண்வாரி. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஷேக்கிளின் விலைதான் வரும்.

காற்றளவு கருவியும் கம்ப்ரசரும். டயரில் காற்றைக் குறைத்தால் தரையில் படும் பரப்பு நீளும்; களி அடைத்த டயருக்கும் பிடிமானம் கூடும். சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் வண்டியைச் சேற்றுப் பாதையில் 20 முதல் 22 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால், வளைவில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து கூடும். இறக்கிய காற்றை மறுபடி ஏற்றாமல் காராக் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே கம்ப்ரசர் இல்லாதவர் காற்றை இறக்கக் கூடாது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கம்ப்ரசர்கள் பிக்கப் டயர் நான்கையும் நிரப்பத் திணறும். பேட்டரி முனைகளில் நேராகக் கவ்வும் வகையை வாங்குங்கள்.

மீட்புப் பலகைகள். மலிவானவற்றுக்கும் விலை உயர்ந்தவற்றுக்கும் வித்தியாசம் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. வலுவூட்டிய நைலான் பலகை வளைந்து மீளும். சாதாரண பிளாஸ்டிக் பலகை ஒரு பிக்கப் ஏறியதும் நடுவில் பிளக்கும். வாங்கும் முன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி வளைத்துப் பாருங்கள். எதுவானாலும் சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் உராய்வுச் சூட்டில் பற்கள் உருகிவிடும். பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிய சரிவில் நன்றாகத் திணித்து, குறைந்த கியரில் மெதுவாக ஏற வேண்டும். சேற்றில் மறையாதிருக்க ஆரஞ்சு நிறம் நல்லது. கடைசி முனையில் சிறு கயிறு கட்டிவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

ஐந்தாம் படி: ஸ்னாட்ச் பட்டை

சிக்கிய வண்டியை இன்னொரு வண்டி ஓடி இழுக்கும் பட்டை இது, நைலானில் நெய்தது. இழுத்தால் தன் நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீளும். முன்னால் போகும் வண்டியின் ஓட்டத்தைச் சேமித்து, சிக்கிய வண்டிக்குச் சீராகக் கொடுப்பது அந்த நீட்சிதான். வழக்கமான நீளம் 9 மீட்டர்.

எந்த வலிமை? இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த எடை வரம்பைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் பட்டையின் முறிவு வலிமை. ஹைலக்ஸும் ரேஞ்சரும் சேர்ந்து போகும் பயணத்துக்கு 6,000 முதல் 9,000 கிலோ வரும். கடையில் 8,000 கிலோ பட்டை கேளுங்கள். ஜிம்னிக்கு 4,500 கிலோவுக்கு மேல் தேவை இல்லை. ‘பெரியதாக இருந்தால் பாதுகாப்புதானே’ என்று 11,000 கிலோ பட்டையை ஜிம்னிக்கு வாங்குபவர்களைப் பார்க்கிறேன். அது அந்த எடைக்கு நீளவே நீளாது. உதறல் முழுவதும் நேராக மீட்புப் புள்ளிக்குப் போகும்.

இன்னொரு குழப்பமும் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. கிரேன்களில் பாரம் தூக்கும் பாலியஸ்டர் பட்டைகள் இரும்புச் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அவற்றின் நிறம் சுமையைச் சொல்லும்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நான்கு, சிவப்பு ஐந்து. நல்ல பொருள்தான், ஆனால் நீளாது. ஓடிவந்து இழுக்க அதைப் பயன்படுத்தினால் ஏதோ ஒன்று பிய்ந்துதான் ஆகும். மரத்தைச் சுற்றவும் மெதுவாக இழுக்கவும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து ட்ராக்டர்காரர் சங்கிலியோடு உதவிக்கு வந்தாலும் இதே கதை. அவரிடம், “அண்ணே, இறுக்கிவிட்டு மெதுவாக இழுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சங்கிலி பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

இரண்டு ஸ்னாட்ச் பட்டைகளை நீளத்துக்காக இணைக்க நேர்ந்தால் நடுவில் இரும்பு ஷேக்கிள் போடக் கூடாது. பட்டை அறுந்தால் அது குண்டாகப் பறக்கும். ஒன்றின் கண்ணை மற்றதன் கண்ணுக்குள் விட்டுக் கோத்து, முடிச்சு இறுகாதிருக்க நடுவில் சுருட்டிய செய்தித்தாளைச் செருகுங்கள்.

ஆறாம் படி: ஷேக்கிள்

இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கையில் ஒரு வில் வடிவ ஷேக்கிளை எடுங்கள். வில்லின் பக்கத்தில் எழுத்துகள் புடைத்திருக்க வேண்டும். உருவாக்கும்போதே இரும்பில் எழும்பியவை, ஒட்டியவையோ வண்ணத்தில் அச்சிட்டவையோ அல்ல. டபிள்யூ.எல்.எல். என்ற மூன்று எழுத்தும் அதன் பக்கத்தில் 3.25 அல்லது 4.75 டன் என்ற எண்ணும் தெரிய வேண்டும். இது பாதுகாப்பாக வேலை வாங்கக்கூடிய சுமை. முறியும் அளவு இதைவிடப் பல மடங்கு. பட்டையின் மீது எழுதியிருப்பதோ முறியும் அளவு. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதுதான் கடையில் நடக்கும் பெரிய தவறு. ‘பட்டை எட்டு டன், ஷேக்கிள் நான்கே முக்கால் டன், போதாதே’ என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். உண்மையில் பிக்கப் வண்டிக்கு 4.75 டன் ஷேக்கிள் சரியான தேர்வு, ஜிம்னிக்கு 3.25 போதும்.

அடுத்து, திருகாணியின் தடிமன் வில்லின் தடிமனைவிட ஓர் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். 4.75 டன்னில் வில் 19 மில்லிமீட்டர், திருகாணி 22. இரண்டும் ஒரே தடிமனாக, எழுத்தே இல்லாமல் பளபளவென்று இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மாட்டும்போது திருகாணியை முழுவதும் திருகி, பின் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் இழுப்பு முடிந்ததும் சுத்தியல் வேண்டியிருக்கும்.

மென் ஷேக்கிள் என்ற கயிற்று வகை இப்போது பரவலாகிவிட்டது. மிகவும் வலுவான செயற்கை இழை. எடை மிகக் குறைவு. அறுந்தாலும் இரும்பு பறக்காது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் கூரான விளிம்புள்ள துளையில் மாட்டினால் வெட்டுப்பட்டுவிடும். உங்கள் மீட்புப் புள்ளி தடித்த, மழுங்கிய விளிம்பாக இருந்தால் மென் ஷேக்கிள். வெட்டிய தகடாக இருந்தால் இரும்பு.

ஏழாம் படி: வின்ச், வேண்டுமானால்

எப்போதும் இரண்டு வண்டிகளாகப் போகிறவருக்கு வின்ச் அவசியமில்லை. தனியாகவோ செங்குத்தான மலைப்பாதையிலோ போகிறவருக்கு வேண்டும். வடிகாலில் பக்கவாட்டில் சரிந்த வண்டியை ஸ்னாட்ச் பட்டையால் இழுக்கக் கூடாது, புரண்டுவிடும். அங்கே மெதுவான, இடைவிடாத இழுப்புதான் கைகொடுக்கும். ஆண்டில் எப்போதாவது ஒருமுறை அப்படி நேரும் என்றால், கையால் நெம்பி இயக்கும் கம்பிவட வின்ச் போதும். தோள் வலிக்கும், வேலை நடக்கும்.

மின்சார வின்ச்சுக்கு விதி: மொத்த எடை வரம்பைப்போல் ஒன்றரை மடங்கு. மூன்று டன் வண்டிக்கு 4.5 டன். சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச் ஏறத்தாழ 4,300 கிலோ இழுக்கும். பிக்கப்புக்குச் சற்றுக் குறைவு. 12,000 பவுண்டு வகை ஏறக்குறைய 5,440 கிலோ. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உருளையில் கயிற்றின் முதல் சுற்றடுக்குக்கு மட்டுமே. அடுக்கு ஒவ்வொன்று கூடும்போதும் இழுவிசை குறையும். மரம் பக்கத்தில் இருக்கிறதே என்று மகிழ்ந்து நான்கு மீட்டர் கயிறு மட்டும் விட்டு இழுத்தால், வின்ச் அதன் பலவீனமான நிலையில் வேலை செய்கிறது. தூரத்து மரத்தைத் தேடுங்கள், அல்லது கப்பியைப் போட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கப்பி இழுப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும், வேகத்தைப் பாதியாக்கும், பேட்டரிக்கும் இதம். ஆனால் கப்பியைப் பிடித்திருக்கும் ஷேக்கிளும் மரத்தைச் சுற்றிய இழுவைப் பட்டையும் அந்த இரட்டிப்புச் சுமையைத் தாங்குபவை என்பதை மறக்க வேண்டாம். முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சும். எஞ்சினை ஓட விடுங்கள், இடையிடையே ஆற விடுங்கள்.

கயிறு இரும்பா, செயற்கை இழையா? நம் ஊருக்கு இழை என்பேன். இரும்புக் கம்பிவடம் நம் ஈரத்தில் துருப்பிடித்து முள் முள்ளாகக் கையைக் கிழிக்கும். அறுந்தால் சாட்டையாகச் சுழன்று வரும். இழைக் கயிற்றுக்கு உராய்வும் உள்ளே நுழையும் மணலும் எதிரி. கழுவிப் பராமரிக்கச் சோம்பல் என்றால் இரும்பே மேல். எதுவானாலும் கையுறை அணியுங்கள், நடுவில் ஈரச் சாக்கையோ தடுப்புப் போர்வையையோ போடுங்கள். பம்பரை மாற்றி வின்ச் பொருத்தும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதியைக் கேட்டுவிடுவது நல்லது.

எட்டாம் படி: எந்த மரத்தில் கட்டுவது?

குறைந்தது 75 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை மரத்தின் அடியில், தரையோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். கம்பிவடத்தை நேராக மரத்தில் சுற்றினால் மரமும் போகும், வடமும் போகும்.

தோட்டத்தில் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது செம்பனை. அதற்கு ஆணிவேர் கிடையாது. நார்வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். இளம் மரம் வேரோடு வந்துவிடும். முதிர்ந்த மரத்திலும் கனோடெர்மா நோய் இருக்கிறதா என்று பாருங்கள். அடிமரத்தில் பளபளக்கும் பழுப்பு நிறமும் வெள்ளை விளிம்பும் கொண்ட காளான் அலமாரித் தட்டாக ஒட்டியிருக்கும். உச்சியில் விரியாத குருத்துகள் பல ஒன்றாக நிற்கும். கீழ் மட்டைகள் பாவாடையாகத் தொங்கும். பாராங் கத்தியின் முதுகால் அடித்தால் பொத்தென்று ஓசை கேட்கும். உள்ளே அழுகிய அந்த மரம் வண்டியின் பக்கம்தான் சாயும். ரப்பர் மரம் உறுதியானது. ஆனால் பால் வெட்டும் பக்கத்தில் இழுவைப் பட்டை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இன்னொருவரின் பிழைப்பு. ஒரே மரத்தை நம்பாமல் இரண்டு மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டுவது தாழ்நிலத்தில் நல்ல வழக்கம்.

ஒன்பதாம் படி: கிளம்பும் முன் ஒத்திகை

வாங்கியதைப் பெட்டியோடு வண்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த ஒரு திடலில் நண்பரின் வண்டியோடு பழகிப் பாருங்கள். பட்டையில் இரண்டு மூன்று மீட்டர் தளர்வு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். முன்வண்டி வேகநடை அளவுக்கே நகரட்டும். சிக்கிய வண்டியும் குறைந்த கியரில் மெல்லச் சக்கரத்தைச் சுழற்றட்டும். சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். இழுபட்ட பட்டையைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் நம் திருவிழாக் கூட்டங்களில் உண்டு, அதட்டியாவது நிறுத்துங்கள். மூன்று இழுப்பிலும் அசையவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாமல் மண்வெட்டியை எடுங்கள். வனக் காப்பகத்துக்குள் போகும் பாதை என்றால் மாநில வன இலாகாவின் அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் பட்டைகளையும் இழைக் கயிறுகளையும் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நைலான் நனைந்தால் வலிமை குறையும்; நம் ஊர் ஈரக்காற்றில் பையோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தபின் விரலை நீளவாக்கில் ஓட்டிப் பார்த்து, விளிம்பில் வெட்டோ தையல் பிரிவோ தெரிந்தால், இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து வண்டியில் மாட்டுவார்கள்.